துண்டுச் சீட்டிலிருந்து வாழ்த்து மடல் வரை

பண்டிகை என்பது ஒரு வீட்டுக்குள் தொடங்கி அவ்வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் காரியமன்று. பலகாரம் சுட்டால் முதல் தட்டு அயல் வீட்டுக்குப் போகின்றது. பால் பொங்கினால் "உங்கள் வீட்டில் பொங்கிற்றா?" என்று அடுத்த காம்பிராவில் இருப்பவரைக் கேட்கின்றோம். தூரத்தில் இருக்கும் உறவினருக்கு நான்கு வரியாவது எழுதி அனுப்பாவிட்டால் நாள் நிறைவதில்லை. இவ்வழக்கங்கள் காகிதத்தில் உருவெடுத்தபோது வாழ்த்து மடலும் பலகாரப் பெட்டியும் தோன்றின.

நமது கினிகத்தேனைப் பகுதியின் வாலிபர் சிலர் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வேண்டிய மடல்களையும் பெட்டிகளையும் தாமே செய்யத் தொடங்கியுள்ளனர். இதற்குக் கணினியோடு இணைந்து தாளை வெட்டும் சிறு இயந்திரம் ஒன்றை உபயோகிக்கின்றனர். அதனைக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, மெஷின் வெட்டினால் அது கைவேலை ஆகுமா? கடையில் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். வாலிபர் ஒருவர், "ஐயா, கத்தி மாத்திரந்தான் மெஷினுடையது, மற்றதெல்லாம் எங்களுடையது" என்று மறுமொழி சொன்னார்.

இந்தக் கேள்வியும் மறுமொழியும் நம்மைச் சிந்திக்க வைத்தன. மடலும் பெட்டியும் சிறு பொருள்கள்தாம். ஆயினும் அவற்றின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தால், மலையகத்து மக்களாகிய நம் கைக்குக் காகிதம் எவ்வாறு வந்தது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அவ்வரலாறு இனிமையானதன்று. எனினும் அதனை அறிந்தால்தான் பெரியவர் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

ஓலையும் தோரணமும்

காகிதம் செய்யும் முறையை கி.பி. 105-ஆம் ஆண்டளவில் சீன அரண்மனை அதிகாரியான சாய் லுன் என்பவர் சீர்ப்படுத்தி மன்னனுக்கு அறிவித்தார் என்று சரித்திரம் கூறுகின்றது. அது நம்மவரிடம் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் சென்றது. அதுவரை நமக்கு ஓலையே கடிதம், ஓலையே ஏடு, ஓலையே பெட்டி. நல்ல செய்தி கொண்டு செல்லும் ஓலைக்கு மஞ்சள் தடவினார்கள். கலியாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் நாம் இன்று மஞ்சள் பூசுவது அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. பனையோலையால் முடைந்த பெட்டியில் பலகாரமும், வெற்றிலை பாக்கும், சீர்வரிசைப் பொருள்களும் ஊர்விட்டு ஊர் சென்றன. பனை வளராத இம்மலைநாட்டுக்கு நம் முன்னோர் வந்தபோது, அவர்களுடைய மூட்டைகளோடு ஓலைப் பெட்டிகளும் வந்திருந்தன.

வெட்டி அலங்கரிக்கும் கலையும் நமக்குப் புதியதன்று. தென்னங்குருத்தைச் சிறு கத்தியால் கீறி, மடித்து, செருகி, பசையின்றியே தோரணம் கட்டுகின்றோம். நம் அயலவராகிய சிங்கள மக்கள் அதே குருத்தோலையைக் கொண்டு பெரஹராவுக்கும் பிரித் மண்டபத்துக்கும் செய்யும் அலங்காரம் கண்டிப் பிரதேசத்தின் சிறந்த கலைகளுள் ஒன்று. வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் ஆகிய தலங்களில் கண்ணபிரானின் லீலைகளைத் தாளில் நுட்பமாக வெட்டி, அந்த வெட்டுத் தாளின் வழியே வண்ணப்பொடி தூவிக் கோலமிடும் சாஞ்சி என்னும் கலை வழிபாட்டோடு கலந்து வளர்ந்தது. சீனருடைய தாள் வெட்டுக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

இவற்றுக்கெல்லாம் நம் தோட்டத்துச் சப்பரம் எவ்வகையிலும் குறைந்ததன்று. மாரியம்மன் திருவிழா நெருங்கியதும், மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டி, மெல்லிய வண்ணத் தாளை எட்டாக மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டி, விரித்தால் பூவும் சங்கிலியுமாக வரும்படி செய்து ஒட்டுவார்கள். அடுப்பிற் கிண்டிய கோதுமை மாவே பசை. அவ்வாறு வெட்டியவர்கள் பகல் முழுதும் கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் பிடித்த கைகளையுடைய தொழிலாளர்கள். அவர்களுக்கு யாரும் சித்திரம் கற்பித்ததில்லை. ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொண்டனர்.

மலையகமும் காகிதமும்

அலங்காரத்துக்காக வந்த தாளை விட்டுவிட்டு, எழுத்துப் பதித்த தாள் நம்மவர் வாழ்வில் எவ்வாறு நுழைந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கோப்பிப் பயிர் நோயால் அழியத் தொடங்கியது 1869-ஆம் ஆண்டில். அதற்கு இரண்டாண்டு முன்னதாகவே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்த மக்கள் இம்மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக மாற்றினர். வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆயினும் அவர்கள் வாழ்க்கையை ஒரு காகிதம் ஆட்டி வைத்தது. அதன் பெயர் துண்டு.

ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவர்கள் பட்டுள்ள கடன் இவ்வளவு; இதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம்" என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அச்சீட்டைக் கொண்டு போய்ப் புதுத் தோட்டத்தில் முன்பணம் பெறுவார்கள். பழைய கடன் தீரும். அதே கணத்தில் புதிய கடன் ஏறும். பெண்ணும் பிள்ளையும் அடங்கிய குடும்பங்கள் ஒரு சிறு தாளில் எழுதிய தொகையாகக் கைமாறினர். இந்தத் துண்டு முறை 1921-ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டும் வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த அந்தத் தகட்டை அணிந்துகொண்டுதான் முகாமிலிருந்து தோட்டம் வரை பிரயாணம் செய்தார்கள். பெயரைக் கேட்க வேண்டிய அவசியமே அதிகாரிகளுக்கு இல்லாது போயிற்று. தோட்டத்துக்கு வந்தால் பேர் எழுதும் செக்ரோல். பின்னர் 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்கு அத்தாட்சிக் காகிதம் கேட்கப்பட்டது. காட்டக் காகிதமில்லாத பல இலட்சம் மக்கள் நாடற்றவர்களாயினர். அக்குறை 1988-ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003-ஆம் ஆண்டின் சட்டத்தாலுமே முற்றாக நீங்கியது.

இவையனைத்திலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இவை நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய காகிதங்கள். நாம் எழுதியவை அல்ல. நம் அன்பை நாமே எழுதி, நாம் விரும்பியவருக்கு நாமே அனுப்பிய காகிதம் எது? கடிதமும் அதன் தங்கையான வாழ்த்து மடலுமே. ஆகவே வாழ்த்து மடலை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வருவதில்லை.

தபாலும் வாழ்த்தும்

வாழ்த்து மடலின் பிறப்புக்குத் தபாலே காரணம். இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டில் ரோலண்ட் ஹில் என்பவருடைய முயற்சியால் எத்தூரத்துக்கும் ஒரு பெனி என்னும் மலிவுத் தபால் ஏற்பட்டது. அவ்வேலையில் அவருக்குத் துணை நின்றவர்களுள் ஹென்றி கோல் ஒருவர். 1843-ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் நண்பர் எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து, அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டுவித்தார். மிஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. உலகின் முதல் அச்சு நத்தார் வாழ்த்து மடல் இதுவே என்பர். முதல் மடலிலேயே இயந்திரமும் கையும் கலந்திருந்தன என்பதை அன்பர்கள் கவனிக்க.

இலங்கையில் முதல் தபால் முத்திரை 1857-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் கால் அணாத் தபாலட்டை 1879-இல் வந்தது. புகையிரதம் 1867-இல் கண்டியையும், 1874-இல் நாவலப்பிட்டியையும், 1884-இல் ஹட்டனையும் அடைந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. அதன்பின் ஊர்க் கடிதம் புகையிரதத்தில் ஏறி, கப்பலில் மாறி, மீண்டும் புகையிரதத்தில் ஏறி மலைக்கு வந்தது. புகையிரதப் பாதையிலிருந்து விலகிய நம் கினிகத்தேனைக்கோ அவிசாவளை - ஹட்டன் பாதையே துணை.

தோட்டத்துக்கு வந்த கடிதம் உடனே உரியவர் கைக்கு வந்துவிடவில்லை. லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கே கடிதம் வரும். தப்பால்காரர் பையைத் தோட்டக் கந்தோருக்குக் கொண்டு செல்வார். அங்கிருந்துதான் அது லயத்துக்கு வந்து சேர வேண்டும். வந்த கடிதத்தை வாசிக்க எழுத்தறிந்தவரைத் தேட வேண்டும். மகளின் கடிதத்தைத் தாய் மற்றொருவர் குரலிற் கேட்பாள். வாழ்த்து மடலுக்கோ இந்தக் கஷ்டம் இல்லை. பானையும் கரும்பும் கதிரவனும் வரைந்திருந்தால், எழுத்தறியாத பாட்டியும் அது பொங்கல் வாழ்த்து என்று அறிந்து கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த நாளில் மடல் எளியவர்களிடையே இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நமது கருத்து.

தமிழ்நாட்டில் பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடும் உணர்ச்சி வளர வளரப் பொங்கல் வாழ்த்து மடல்களும் பெருகின. அவற்றை ஏராளமாக அச்சிட்ட ஊர் சிவகாசி. அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடப் போய், சிவகாசி அச்சுத் தொழிலின் தலைநகரமாயிற்று. நம் லயங்களில் நுழைந்த முதல் சிறு மடிப்புப் பெட்டியும் தீப்பெட்டியாகவே இருந்திருக்கும். சிறுவர் அதில் பொன்வண்டு வளர்த்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் வாழ்த்து மடல் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழக்கமாயிற்று. வெசாக் தினம் 1885-ஆம் ஆண்டில் அரசாங்க விடுமுறை நாளாயிற்று. வெசாக் கூட்டுக்குத் தாள் வெட்டும் வாலிபரும், வெசாக் மடல் அனுப்பும் வழக்கமும் நம் பட்டினங்களில் எல்லோரும் கண்டறிந்தவை. கினிகத்தேனைக் கடைவீதியில் சிங்கள நண்பர் கொடுத்த வெசாக் மடலுக்கு நாம் பொங்கல் மடலால் மறுமொழி சொல்வது அயலுறவுக்கு அழகு.

மடலுக்கு மிகுந்த கனம் ஏற்பட்ட காலம் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று கணக்கெழுதினார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்றாயிற்று. தேயிலைப் பெட்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை அடைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். கூடலூர், கோத்தகிரி முதலிய நீலகிரிப் பகுதிகளில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் பலர் மீண்டும் கொழுந்து பறித்தார்கள்.

அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் தை மாதத்தில் மடல்கள் வந்து சென்றன. தொலைபேசி கிடையாது. கலியாணத்துக்குப் போய்வர வழியில்லை. உள்நாட்டு யுத்தம் மூண்டு 1984-இல் கப்பற் சேவையும் நின்றது. "நாங்கள் உயிரோடிருக்கின்றோம், உங்களை மறக்கவில்லை" என்று சொல்ல ஒரு மடலே இருந்தது. அம்மடல்களைப் பெட்டிக்கடியில் இன்றும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. படம் மங்கியிருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம். பின்பக்கத்தில் தடுமாறி எழுதிய பெயர் மாத்திரம் மங்குவதில்லை.

கத்தியின் கதை

இனி இயந்திரத்துக்கு வருவோம். தாள்களை அடுக்கி ஒரே வீச்சில் வெட்டும் பெரிய கத்தி இயந்திரத்துக்கு 1844-ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் பிரான்சு தேசத்து மாசிக்கோ என்பவர். அச்சகங்களில் இன்றும் நாம் காணும் வெட்டு இயந்திரங்கள் அதன் வழிவந்தவை.

காகிதப் பெட்டியின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ரொபர்ட் கெயர் என்பவர் காகிதப் பைகள் அச்சிட்டு வந்தார். 1879-இல் ஒரு நாள், விதைப் பைகளுக்கு மடிப்புக் கோடு போடவேண்டிய உலோகச் சட்டம் ஓரளவு உயர்ந்து நின்றமையால், கோடு விழுவதற்குப் பதிலாகப் பைகள் வெட்டுண்டு பாழாயின. வேறொருவராயின் வேலையாளை ஏசிவிட்டுப் போயிருப்பார். கெயர் அதிலே ஒரு பாடம் கண்டார். உயர்ந்த சட்டம் வெட்டும், தாழ்ந்த சட்டம் மடிப்புக் கோடு போடும். இரண்டையும் ஒரே தட்டில் பொருத்தினால் ஒரே அழுத்தத்தில் ஒரு பெட்டி தயாராகுமல்லவா? அன்று பிறந்ததே தட்டையாக அடுக்கி, வேண்டியபோது மடித்து நிமிர்த்தும் காகித அட்டைப் பெட்டி.

இப்பெட்டிச் சரித்திரத்தில் நம் தேயிலைக்கும் இடமுண்டு. 1873-இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முதல் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1890-இல் இங்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், மொத்தமாகப் பெட்டியிலிருந்து நிறுத்து விற்ற தேயிலையைச் சிறு சிறு பொதிகளாக்கி, வண்ணச் சீட்டு ஒட்டி, ஏழைகளும் வாங்கும்படி விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். நம்மவர் பறித்த கொழுந்து அழகிய பொதியில் உலகமெல்லாம் சென்றது. பறித்தவர் வீட்டுக்கு வந்தவை உடைந்த தேயிலைப் பெட்டிகளே. மரத்தாலும் ஒட்டுப் பலகையாலும் செய்து, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டிய அப்பெட்டிகள் லயங்களில் அலுமாரியாகவும், புத்தகத் தட்டாகவும், சுவாமி மேடையாகவும் பயன்பட்டன. அந்த வெள்ளித்தாளைக் கத்தரித்துச் சப்பரத்துக்கு நட்சத்திரம் ஒட்டியவர்கள் நம் பெரியவர்கள்.

இப்போதைய சிறு வெட்டு இயந்திரம் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வீடுகளுக்கென்று பரவத் தொடங்கியது. அதன் தத்துவம் எளிது. வரைந்த உருவத்தைக் கணினி கோடுகளாக்கி அனுப்புகின்றது. மெல்லிய பசை தடவிய பாயில் ஒட்டிய தாளை உருளைகள் முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. சிறு கத்தி இடமும் வலமும் ஓடுகின்றது. இரண்டு அசைவும் சேரும்போது எந்த வளைவும் வெட்டப்படுகின்றது. மடிப்பு வரவேண்டிய இடத்தில் கத்தியை எடுத்துவிட்டு மழுங்கிய முனையை வைத்தால், கெயர் கண்ட அதே மடிப்புக் கோடு விழுகின்றது.

கைவேலை எது?

இவ்வியந்திரத்துக்கு வெட்டத் தெரியும்; எதை வெட்டுவது என்று தெரியாது. தமிழ் எழுத்தை அதனிடம் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இவ்வுண்மை விளங்கும். "பொங்கல்" என்று வெட்டச் சொன்னால், ங் மீதும் ல் மீதும் உள்ள புள்ளிகள் தனித்தனிப் பொட்டாக உதிர்ந்துவிடும். எழுத்தின் வெளியுருவைத் தாளில் துளையாக வெட்டினாலோ, க, ம முதலிய எழுத்துக்களின் சுழிக்குள் இருக்கும் துண்டும் சேர்ந்து விழுந்துவிடும். புள்ளியையும் சுழியையும் நூல் போன்ற சிறு பாலத்தால் எழுத்தோடு இணைத்து வரைந்து கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அவருக்குத் தமிழெழுத்தின் உருவம் நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

இது புதிய தொல்லையன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர், புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியை விட்டே எழுதினார்கள். படிப்பவர் இடமறிந்து படித்துக்கொண்டார். எ, ஏ என்பவற்றையும் ஒ, ஓ என்பவற்றையும் தெளிவாகப் பிரித்தெழுதும் சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வழக்குக்கு வந்தது. எழுத்தாணிக்கு வந்த சோதனை இன்று வெட்டுக் கத்திக்கும் வந்திருக்கின்றது. அன்று போலவே இன்றும் மனிதன்தான் தீர்க்க வேண்டியிருக்கின்றது.

மேலும், இயந்திரத்துக்கு நம் ஊர் மழை தெரியாது. மழைக்குப் பேர்போன இப்பகுதியில் தாள் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிடும், வெட்டும்போது பிசிறடிக்கும். சதுர மீற்றருக்கு 200 முதல் 300 கிராம் வரை நிறையுள்ள தடித்த தாளைப் பொலித்தீன் உறையிலிட்டு உலர்வாக வைத்திருந்து எடுத்தால் மடலுக்கும் சிறு பெட்டிக்கும் ஏற்றது. முறுக்கும் அதிரசமும் எண்ணெய் கசிவன. எண்ணெய் ஊறாத தாளொன்றை, அல்லது வாட்டிய வாழையிலையை, பெட்டிக்குள் விரிக்க வேண்டும். வாட்டிய இலையின் அளவையும் பலகாரத்தின் பதத்தையும் நம் தாய்மாரிடமே கேட்டறிய வேண்டும்.

பெட்டியின் மேல் சுவாமி படம் வேண்டாம் என்பதையும் இங்கே பணிவுடன் சொல்லிக்கொள்கின்றோம். பலகாரம் முடிந்ததும் பெட்டி குப்பைக்குப் போகும். வணங்கும் உருவம் காலடியில் மிதிபடலாகாது. கோலம், கரும்பு, குத்துவிளக்கு, மாவிலை, தாமரை என்று அழகுக்குப் பஞ்சமில்லை. நம் தோட்டத்து இரண்டிலையும் ஒரு மொட்டும் பெட்டியின் மூடிக்கு என்ன குறைச்சல்?

தட்டில் பலகாரம் அனுப்பும்போது, தட்டைத் திருப்பித் தருபவர் அதை வெறுமனே தருவதில்லை. கைப்பிடி சீனியோ இரண்டு பழமோ வைத்துத் தருவார். காகிதப் பெட்டி திரும்பி வராது. ஆதலால் அவ்வுறவு ஒரு பக்கத்தோடு நின்றுவிடாதபடி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அயல் வீட்டுக்குத் தட்டும், தூரத்தாருக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பெட்டியும் என்று வகுத்துக்கொள்வது நலம்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லப் பழைய வரலாறு ஒன்று உதவுகின்றது. அமெரிக்காவில் வூஸ்டர் என்னும் ஊரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற நங்கை, 1847-இல் கல்லூரி முடித்து வந்தபின், இங்கிலாந்திலிருந்து வந்த மடலொன்றைப் பார்த்து அதனினும் அழகாகத் தானே செய்ய முனைந்தாள். சரிகை போல் இயந்திரத்தால் துளையிட்ட தாளை வெளியிலிருந்து வாங்கினாள். தோழியரை வீட்டுக்கு அழைத்து, ஒருத்தி பூ வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட, வரிசையாக வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். இருநூறு டாலர் வியாபாரம் எதிர்பார்த்த இடத்தில் ஐயாயிரம் டாலருக்குக் கேள்வி வந்தது என்பர். துளையிட்ட தாள் இயந்திரத்துடையது. ஆயினும் அவற்றைக் கைவேலை என்றே உலகம் போற்றியது. தெரிந்தெடுத்ததும் சேர்த்ததும் மனிதர் என்பதே காரணம்.

ஆகவே நமது கருத்து இது. கத்தி யாருடையது என்பதைக் கொண்டு கைவேலையை அளக்க வேண்டியதில்லை. துண்டுச் சீட்டும் கையால் எழுதப்பட்டதுதான், அதில் அன்பில்லை. ஹென்றி கோலின் மடல் அச்சில் வந்ததுதான், அதில் அன்பிருந்தது. மடலை யார் எண்ணினார்கள், யாருக்காக எண்ணினார்கள், யார் கைப்பட எழுதினார்கள் என்பதே அளவுகோல். பெரியவரின் அச்சமும் வீணானதன்று. நூறு மடலை ஒரே அச்சாக வெட்டி, பெயரையும் இயந்திரத்தாலேயே எழுதுவித்து அனுப்புவோமானால், கடை மடலுக்கும் நம் மடலுக்கும் வித்தியாசமில்லாமற் போய்விடும். கைத்தொலைபேசியில் வந்த படத்தையே பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் இக்காலத்தில் அந்த அபாயம் அதிகம்.

வாலிபர்காள்! வெட்டுவதை இயந்திரத்திடம் விடுங்கள், எழுதுவதை விடாதீர்கள். உட்பக்கத்தை வெற்றாக வைத்து, பெறுபவர் பெயரையும் இரண்டு வரி வாழ்த்தையும் உங்கள் கைப்படத் தமிழில் எழுதுங்கள். வீட்டுச் சிறு பிள்ளைகளைக் கொண்டும் ஒரு வரி எழுதுவியுங்கள். எழுத்துக் கோணினால் கோணட்டும். மடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் பாட்டிமாரை அழைத்து உட்கார வையுங்கள். சப்பரத்துக்குப் பூ வெட்டிய கதையை அவர்கள் சொல்வார்கள். பெரியோர்களே! வாலிபர் கையிலுள்ள இயந்திரத்தைக் கண்டு ஒதுங்காமல், எட்டு மடிப்பில் பூ வெட்டும் வித்தையை அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். அவர்கள் அதனை வரைந்து வைத்தால், உங்களுக்குப் பின்னும் அந்தப் பூ அழியாதிருக்கும்.

வருகின்ற பொங்கலுக்கு நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு மடலாவது கடல் கடந்து அனுப்ப வேண்டுமென்பது நமது வேண்டுகோள். கூடலூரிலோ கோத்தகிரியிலோ முகவரி தெரிந்த உறவு ஒன்று பல வீடுகளில் இருக்கும். பெட்டிக்கடியில் உள்ள பழைய மடலை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பாட்டனுக்கு வந்த மடலுக்குப் பேரன் மறுமொழி எழுதலாம். நம் பாட்டனார் கையில் ஒரு காலத்தில் இருந்த துண்டில் கடன் எழுதியிருந்தது. நம் கையிலிருந்து போகும் மடலில் வாழ்த்து எழுதியிருக்கட்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!